கிழவிக்கான உறை

வைப்புத்தொகை முதிர்ந்த அன்று வதாத் தன்னிடமிருந்த நல்ல நீல உடுப்பைப் போட்டுக்கொண்டு, தலைத்துணியைக் கண்ணாடி முன் இரண்டு தடவை சரிசெய்துகொண்டு வங்கிக்குக் கிளம்பினாள். கைப்பையில் ஒரு காகிதம். மூன்று வருஷத்துக்கு முன்னால் வங்கி முத்திரை குத்திக் கொடுத்தது. ஒரு மடிப்புக் கலையாமல் வைத்திருந்தாள்.

இரண்டு வருஷமாக ஸைதா ஊரே வங்கி வாசலில் மாரடித்துக்கொண்டிருந்தது. வங்கிகள் நொடித்துவிட்டன, போட்ட டாலர் வெளியே வராது என்று பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். வதாத்துக்கும் தெரியும்தான். ஆனால் அவள் மனசுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். மற்றவர்களெல்லாம் நடுவில் எடுக்க ஓடியவர்கள், பொறுமை கெட்டவர்கள். அவள் அப்படியில்லை. மூன்று வருஷம் தொடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தாள், தொடவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றியாயிற்று, இனி அவர்கள் முறை. என்ன நம்பிக்கை பாருங்கள்! அறுபத்தாறு வயதில் இப்படியொரு பச்சைப் பிள்ளை.

வங்கியின் கண்ணாடிச் சுவர் முழுக்க இரும்புத் தகடு அடித்திருந்தார்கள். ஓர் ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் கதவு. உள்ளே கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்த ஓர் இளைஞன் அவள் காகிதத்தை வாங்கிப் பார்த்தான், கணினியைப் பார்த்தான்.

"மப்ரூக், வாழ்த்துகள் ஹாஜியம்மா. வட்டியோட சேர்த்து ஐம்பதாயிரத்து முந்நூறு டாலர் ஆயிருக்கு."

"நான் ஹஜ்ஜுக்குப் போனதில்ல, மகனே. அதுக்கு வெச்ச காசும் உங்ககிட்டதான் கிடக்கு. எண்ணிக் குடு, போறேன்."

அவன் சிரிக்கவில்லை. பாவம், அவனும் எத்தனை பேருக்குத்தான் இதைச் சொல்வான். "நோட்டா வராது. இன்னும் மூணு வருஷத்துக்குப் புதுப்பிச்சு விடுங்க. இல்லாட்டி முழுத் தொகைக்கும் காசோலை எழுதித் தரேன்."

"காசோலையை எந்த வங்கி மாத்தும்?"

"எந்த வங்கியும் மாத்தாது. கணக்குல போட்டுக்கலாம்."

"அப்ப இது எதுக்கு?"

"வெளியில வாங்குற ஆளுங்க இருக்காங்க, ஹாஜியம்மா. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

வதாத் காசோலையை வாங்கிக்கொண்டாள். பெயர் சரியாக இருக்கிறதா, எழுத்திலும் எண்ணிலும் தொகை ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

இந்தக் காசு எப்படிச் சேர்ந்தது என்பதைச் சொல்லாவிட்டால் அவள் செய்த முட்டாள்தனம் உங்களுக்குப் புரியாது.

வதாத்தின் வீட்டில் ஸக்கிய்யா என்றொரு அத்தை இருந்தாள். அப்பாவின் அக்கா, கல்யாணம் ஆகாதவள். சமையலறைக்குப் பக்கத்தில் சாமான் போடும் அறையில் படுக்கை. ஒரு சோப்புக் கட்டி வேண்டுமென்றாலும் வதாத்தின் அம்மாவிடம் வந்து நிற்பாள். அம்மா கொடுக்காமல் இருந்ததில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும், "போன வாரம் குடுத்தேனே, அதுக்குள்ளயா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பாள். அத்தை செத்த அன்று மெத்தையைத் தூக்கினால் கீழே தேய்ந்த சோப்புத் துண்டுகள், ஒவ்வொன்றும் விரல் நகம் அளவு, துணியில் சுற்றி வைத்திருந்தாள். அம்மா அங்கேயே உட்கார்ந்து கதறிவிட்டாள். வதாத் அழவில்லை. அன்றைக்கு அவளுக்கு இருபத்திரண்டு வயது. கல்யாண வீடுகளுக்குச் சர்க்கரை பாதாம் செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

அந்த மாதச் சம்பளத்தில் அவள் ஏழு காகித உறைகள் வாங்கினாள். ஒன்றில் ரொட்டி என்று எழுதினாள், ஒன்றில் வாடகை, ஒன்றில் மருந்து. முதல் உறையில் 'கிழவிக்கு' என்று எழுதினாள். யார் அந்தக் கிழவி? அவளேதான். என்றைக்கோ வரப்போகிற வதாத். சம்பளம் வந்ததும் முதல் நோட்டு கிழவியின் உறைக்குள் போகும். மீதியைத்தான் மற்ற ஆறும் பங்கு போட்டுக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமைகளில் தொழிற்சாலைப் பெண்கள் கூட்டமாகப் போய்ச் சூடான குனாஃபா இனிப்பு வாங்கித் தின்பார்கள். வதாத் வாசலோடு திரும்பிவிடுவாள். "உன் கிழவி நல்லா உக்காந்து திங்கிறா, நீ ஏன்டி பட்டினி கிடக்குற?" என்று கேலி பேசுவார்கள். "அவளுக்கு என்னை விட்டா யாரு இருக்கா?" என்பாள் வதாத். மற்றவர்கள் கல்யாணத்துக்கு நாற்பது வருஷம் பாதாம் பொட்டலம் கட்டினாள். அவளைப் பெண் கேட்டு வந்த இரண்டு பேரில் உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் ஒருவன் செத்தான், ஒருவன் கனடாவுக்குப் போனான். அதற்குமேல் அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

முதல் பத்து வருஷச் சேமிப்பு உள்ளூர் நாணயமான லீராவில் இருந்தது. சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே லீரா விழுந்தது. பத்து வருஷக் காசுக்கு ஒரு ஜோடி செருப்பு வந்தது. வேறொருத்தியாக இருந்தால் அன்றோடு உறைகளைக் கிழித்துப் போட்டிருப்பாள். வதாத் செருப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். இனி டாலர்தான் என்று முடிவு செய்தாள். கிழவியின் உறையைப் பசை போட்டு ஒட்டி மறுபடி ஆரம்பித்தாள்.

அம்மா சாகும்போது பன்னிரண்டு முறுக்கு வளையல்கள் விட்டுப்போனாள். தம்பி முனீப், பங்கு சரியாக இருக்கட்டும் என்று ஆறை அக்காவுக்குக் கொடுத்தான், ஆறைத் தன் மனைவி ஹிந்த்துக்குப் போட்டான். ஹிந்த் கையில் காசு நிற்காது. விருந்து, புதுத் திரைச்சீலை, வாரத்துக்கு இரண்டு தடவை தலைமுடி அலங்காரம். வளையல்களை மாட்டிக்கொண்டு குலுக்கிக் குலுக்கிக் காட்டுவாள். வதாத் ஓய்வு பெற்ற வருஷம் தொழிற்சாலை கொடுத்த தொகையை டாலராக்கினாள், தன் ஆறு வளையல்களையும் விற்றாள், பழைய சேமிப்பையும் சேர்த்து நாற்பதாயிரமாக்கி எட்டு சதவீத வட்டிக்கு மூன்று வருஷம் போட்டாள். ஹிந்த்துக்கும் புத்தி சொன்னாள்.

"கையில கிடந்தா குட்டி போடுமா இது? வித்து வங்கியில போடு. வயசான காலத்துல கை ஏந்த வேணாம்."

"எனக்கு வயசே ஆகாது மதினி," என்று சிரித்தாள் ஹிந்த். "நீங்க போடுங்க. உங்க டாலர் குட்டி போட்டா எனக்கு ஒரு குட்டி குடுங்க."

இதுதான் கதை. இப்போது ஐம்பதாயிரத்து முந்நூறு என்று எழுதிய காகிதம் வதாத் கையில் இருந்தது.

காசோலை வாங்கும் ஆள் ஒரு கைப்பேசிக் கடைக்கு மேலே உட்கார்ந்திருந்தான். பெயர் அபூ ஷவ்கி. மேசையில் ஒரு கால்குலேட்டர், ஒரு காப்பிக் கோப்பை, வேறொன்றும் இல்லை.

"நூறுக்குப் பதினேழு," என்றான்.

"நூறுக்கு எண்பத்து மூணு நீ எடுத்துக்குவியா?"

"நான் எங்க எடுக்குறேன்? இதை வாங்குறவன் வங்கியில கடன் வெச்சிருக்கான், கடனை இதை வெச்சு முழு மதிப்புக்கு அடைக்கிறான். எனக்கு நூறுக்கு ஒண்ணு மிஞ்சும், ஹாஜியம்மா. இன்னைக்குப் பதினேழு. அடுத்த மாசம் என்கிட்ட பதினேழு கேட்டா நான் தர மாட்டேன்."

வதாத் மனசுக்குள் கணக்குப் போட்டாள். எட்டாயிரத்து ஐந்நூறு நோட்டு டாலர். வீட்டுக்காரர் ஹாஜி அத்னான் இனி வாடகை நூற்றைம்பது, அதுவும் கையில் பிடிக்கிற டாலராக வேண்டும் என்று சொல்லிவிட்டார். ரொட்டி, மருந்து, தண்ணீர், ஜெனரேட்டர் எல்லாம் சேர்த்து நூற்று முப்பது. இரண்டரை வருஷம் வரும். அவள் அம்மா தொண்ணூற்றொன்று வரை இருந்தாள்.

"மாட்டேன்," என்றாள்.

"உங்க இஷ்டம்."

"நாப்பத்து நாலு வருஷத்துல ஒரு தடவைகூட நான் வைப்பை உடைச்சதில்ல. இப்பவும் உடைக்க மாட்டேன். பொறுத்தவளுக்குக் கிடைக்கும்."

அபூ ஷவ்கி தோளைக் குலுக்கினான். அவனை நான் திட்ட மாட்டேன், அவன் அன்றைக்கு உண்மையைத்தான் சொன்னான். பொறுமைதான் அவளைக் கெடுத்தது. செலவாளியாக இருந்திருந்தால் கிடைத்ததை அள்ளிக்கொண்டு ஓடியிருப்பாள். சேர்த்துப் பழகிய கைக்கு விடத் தெரியவில்லை.

கைச்செலவுக்கு வைத்திருந்த லீராக் கணக்கு கரைந்துகொண்டே வந்தது. அக்டோபரில் தையல் இயந்திரத்தை விற்றாள். நவம்பரில் குளிர்பெட்டியை விற்றாள், மின்சாரமே இல்லாத ஊரில் அது எதற்கு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். முனீப் வந்து பார்த்தான். காலி மூலையைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி உட்கார்ந்தான்.

"அக்கா, எங்க வீட்டுக்கு வந்துடேன். சமையலறைப் பக்கம் அந்த அறை சும்மாதான் கிடக்கு."

"எந்த அறை?"

"அதான், சாமான் போடுற அறை. சுண்ணாம்பு அடிச்சு..."

"முனீப்! அந்தப் பேச்சை எடுத்தா இனி இந்தப் படி ஏறாதே."

அவன் நல்லவன்தான். அவனுக்கு அத்தையைப் பற்றி ஞாபகமில்லை, அப்போது அவனுக்கு ஏழு வயது. வதாத்துக்கோ சாமான் அறை என்றதும் அத்தையின் சோப்பு வாசனை வந்தது. தன் வீடு, தன் கதவு, தன் சோப்பு. இதற்காகத்தான் அந்த நாற்பத்து நாலு வருஷமும். இதை விட்டுவிட்டால் அந்தக் குனாஃபாவையாவது தின்றிருக்கலாமே என்று நினைத்தாள், நினைத்ததும் அவளுக்கே பயமாக இருந்தது.

டிசம்பரில் காசோலை விலை பன்னிரண்டுக்கு இறங்கியது. ஹாஜி அத்னான் வருஷ முடிவு வரை கெடு கொடுத்தார். ஒரு சாயங்காலம் வதாத் தண்ணீர்க் குடத்தோடு மாடி ஏறினாள். மின்தூக்கி ஓடி ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. படிக்கட்டில் வெளிச்சமில்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் கால் இடறி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்த சத்தம் தனக்கே கேட்டது என்று பிற்பாடு சொன்னாள்.

மருத்துவமனையில் முதலில் கேட்டது பெயரை இல்லை. ஐயாயிரத்து அறுநூறு டாலர், நோட்டாக, முன்பணமாக. அப்புறம்தான் அறுவைசிகிச்சை. முனீப் தாழ்வாரத்தில் ஒவ்வொருவருக்கும் தொலைபேசி போட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய சம்பளம் அப்போது மாதத்துக்கு அறுபது டாலர்கூடத் தேறாது. ஹிந்த் கட்டிலருகில் வந்து உட்கார்ந்தாள். சட்டைக் கையை மேலே தள்ளினாள். ஆறு வளையலும் கையில் இருந்தன.

"இதை வித்துடலாம் மதினி. நகைக் கடைக்காரன்கிட்டக் கேட்டேன், ஆறையும் குடுத்தா சரியா வரும்னான்."

வதாத்துக்கு வலியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் அந்த வளையல்களைப் பார்த்தாள். அம்மாவின் வளையல்கள். வங்கி விழுந்தும் விழாதவை. ஒரு நாளும் ஒரு காசும் சேர்த்து வைக்காத பெண்ணின் கையில் பளபளவென்று கிடந்தன. கோபம் வந்தது. யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. ஹிந்த் ஒரு குற்றமும் செய்யவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"உன் வளையல் எனக்கு வேணாம்."

"ஐயோ, இப்பவா இந்த ரோஷம்? உசுரு போகுது!"

"என் பையைத் திற. பேனா குடு."

படுத்தபடியே காசோலையின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டாள். முனீப் ஓடிப்போய் அபூ ஷவ்கியிடம் மாற்றிக்கொண்டு வந்தான். ஆறாயிரத்து முப்பத்தாறு டாலர். மருத்துவமனைக்குக் கட்டியது போக நானூற்று முப்பத்தாறு மிஞ்சியது. மருந்துக்கும் ஊன்றுகோலுக்கும் ஆம்புலன்ஸுக்கும் அது போயிற்று. நாற்பத்து நாலு வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததற்கு ஓர் இடுப்பு எலும்பு வந்தது. முன்பு பத்து வருஷத்துக்கு ஒரு ஜோடி செருப்பு வந்ததே, அந்தக் கணக்குக்கு இது மோசமில்லை என்று அவளே ஒரு நாள் சொல்லிச் சிரித்தாள். கேட்டவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

மூன்று மாடி ஏற முடியாது. வாடகையும் இல்லை. ஜனவரியில் அவளைத் தம்பி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். சமையலறைக்குப் பக்கத்து அறை. சுண்ணாம்பு அடித்திருந்தார்கள், ஹிந்த் புதுத் திரைச்சீலைகூடப் போட்டிருந்தாள். வீட்டைக் காலி செய்யும்போது வதாத் ஒரே ஒரு பெட்டியை மட்டும் கேட்டாள். அதில் உறைகள் இருந்த தகர டப்பா, இரண்டு உடுப்பு, பன்னிரண்டு ஆலிவ் சோப்புக் கட்டிகள். அந்தப் பன்னிரண்டையும் அவள் எண்ணி வைத்திருந்தாள். மாதத்துக்கு ஒன்று. ஒரு வருஷத்துக்கு யாரிடமும் கேட்க வேண்டாம்.

ஆனால் படுக்கையில் கிடக்கிற உடம்புக்குச் சோப்பு அதிகம் வேண்டியிருந்தது. விரிப்பு, துணி, துடைக்கிற துண்டு. ஏப்ரலிலேயே கடைசிக் கட்டி கையில் வந்து நின்றது. வதாத் அதைக் கத்தியால் நாலாக வெட்டினாள். பிறகு அந்த நாலையும் எட்டாக்கினாள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. விரிப்பு மாற்ற வந்த ஹிந்த் ஒரு நாள் தலையணையைத் தூக்கினாள். கீழே கைக்குட்டையில் சுற்றிய தேய்ந்த துண்டுகள், ஒவ்வொன்றும் விரல் நகம் அளவு. ஹிந்த்துக்கு ஸக்கிய்யா அத்தையின் கதை தெரியாது. அவள் துண்டுகளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே போனாள்.

அடுத்த மாதம் முதல் தேதி காலையில் ஹிந்த் காப்பியோடு வந்தாள். காப்பியைப் பக்கத்தில் வைத்தாள், மடியில் ஓர் உறையை வைத்தாள்.

"மாசா மாசம் முதல் தேதி தரேன் மதினி. உங்க கைச்செலவுக்கு. எதுக்குன்னு நான் கேக்க மாட்டேன், நீங்களும் என்கிட்டக் கணக்குச் சொல்ல வேணாம்."

"ஏது உனக்குக் காசு?"

ஹிந்த் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஆனாலும் வதாத் எண்ணிவிட்டாள். ஐந்து வளையல்தான் இருந்தன.

பிறகு உறையைப் பார்த்தாள். ஓரங்கள் பழுப்பேறி, மூன்று இடத்தில் பசை போட்டு ஒட்டிய உறை. அதன்மேல் ஓர் இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் சின்னச் சின்ன எழுத்தில் 'கிழவிக்கு' என்று எழுதியிருந்தது.

"உங்க டப்பாவுலதான் எடுத்தேன்," என்றாள் ஹிந்த் அவசரமாக. "காலியா இருந்துச்சு. எடுத்திருக்கக் கூடாதா?"

வதாத் தலையசைத்தாள். கூடாது என்றா, பரவாயில்லை என்றா, அவளுக்கே தெரியாது. அந்த இருபத்திரண்டு வயதுப் பெண் சொன்ன சொல் தவறவில்லை, காசு கிழவியிடம் வந்து சேர்ந்துவிட்டது. எந்த அறைக்குள் வரக்கூடாது என்று சேர்த்தாளோ அந்த அறைக்குள், எந்தக் கையிலிருந்து வாங்கக்கூடாது என்று சேர்த்தாளோ அந்தக் கையால் வந்தது. அவளை நினைத்து வதாத் அழுதாள். கிழவியை நினைத்து அழவில்லை, குனாஃபாக் கடை வாசலோடு திரும்பிப் போன அந்தப் பெண்ணை நினைத்துத்தான் அழுதாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு உறையைப் பிரித்தாள். ஒரு லட்சம் லீரா நோட்டுகள் பத்து இருந்தன. பழக்கம் விடுமா? முதல் நோட்டை எடுத்துத் தனியாகப் போர்வைமேல் வைத்தாள். மற்ற ஒன்பதையும் எண்ணினாள்.

"அது யாருக்கு மதினி, தனியா?" என்று கேட்டாள் ஹிந்த்.

வதாத் அந்த நோட்டைப் பார்த்தாள்.

"யாருக்கும் இல்ல," என்று சொல்லிவிட்டு அதை மற்ற ஒன்பதோடு சேர்த்து வைத்தாள்.